நெடுந்தூர ட்ரையத்லான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுத் தூர ட்ரையத்லானுக்குப் பதிவு செய்தவர்களும், செய்யலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அரைத் தூரத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். இந்தப் போட்டியில் ஒருவரின் நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் உடல் வலு போதாமல் அல்ல. சைக்கிளில் அவசரப்பட்டதாலோ, வயிற்றைக் கவனிக்காமல் விட்டதாலோதான். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

நெடுந்தூரம் என்றால் சரியாக எவ்வளவு?

முழுத் தூரம் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் உடை மாற்றும் நேரத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அரைத் தூரம் இதில் சரிபாதி: 1.9, 90, 21.1. ஒலிம்பிக் தூரம் 1.5, 40, 10 கி.மீ. மட்டுமே.

ஏன் இப்படி ஒரு விசித்திரமான கணக்கு?

ஹவாயின் ஓஹு தீவில் மூன்று போட்டிகள் தனித்தனியே நடந்துவந்தன: வைகிகி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் ஓட்டம், ஹோனலூலு மாரத்தான். ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதி இந்த மூன்றையும் ஒரே நாளில் கோத்து 1978 பிப்ரவரி 18 அன்று நடத்தினார்கள். 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. அன்று அமைந்த தூரமே இன்றுவரை நிலைத்துவிட்டது.

தயாராக எத்தனை மாதம் வேண்டும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

நிற்காமல் 1 கி.மீ. நீந்த முடியும், 3 மணி நேரம் சைக்கிள் ஓட்ட முடியும், அரை மாரத்தானைச் சிரமமில்லாமல் ஓட முடியும் என்றால் 24 முதல் 30 வாரம் போதும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் ஒரு வருடம் ஒதுக்குங்கள். நடுவில் ஒரு ஒலிம்பிக் தூரமும் ஒரு அரைத் தூரமும் போட்டியாகவே செய்து பாருங்கள். அரைத் தூரம் செய்யாமல் நேராக முழுத் தூரத்துக்குப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதில் தெரியவரும் உணவுச் சிக்கல்களும் உரசல் புண்களும் எந்தப் பயிற்சியிலும் தெரியாது.

வாரத்துக்கு 7, 8 மணி நேரத்தில் தொடங்கி, உச்சத்தில் 12 முதல் 14 மணி நேரம் வரை போகும். அந்த உச்சம் நான்கு முதல் ஆறு வாரம் மட்டும். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது பழகிய முறை. மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி சைக்கிளுக்குப் போக வேண்டும், ஏனென்றால் போட்டி நாளிலும் பாதி நேரம் அதன்மேல்தான் இருப்பீர்கள்.

உச்ச வாரம் ஒன்று இப்படி இருக்கலாம்: நீச்சல் மூன்று முறை, அதில் ஒன்று 400 மீட்டர் வீதம் 10 முறை, நடுவில் 20 விநாடி ஓய்வு. சைக்கிள் மூன்று முறை, அதில் ஒன்று 5 முதல் 6 மணி நேரம். ஓட்டம் மூன்று அல்லது நான்கு முறை, அதில் நீளமானது இரண்டரை மணி நேரம். ஓட்டத்தில் 3 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் கிடைக்கும் பலன் கொஞ்சம். தசையும் எலும்பும் தேற எடுத்துக்கொள்ளும் நாட்கள் அதிகம்.

இந்த மணி நேரங்களில் பெரும்பகுதி, சுமார் ஐந்தில் நான்கு பங்கு, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். மெதுவாகப் போக வேண்டிய நாளில் வேகமாகப் போவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அப்படிச் செய்தால் வேகமாகப் போக வேண்டிய நாளில் கால் வராது.

கட்-ஆஃப் நேரத்துக்குள் முடித்துவிடுவேனா? எப்படிக் கணக்குப் போடுவது?

பரவலாக உள்ள வரம்பு: நீச்சல் 2 மணி 20 நிமிடம், சைக்கிள் முடியும்போது தொடக்கத்திலிருந்து 10 மணி 30 நிமிடம், மொத்தம் 17 மணி நேரம். போட்டிக்குப் போட்டி இது மாறும். உங்கள் போட்டியின் வழிகாட்டிக் குறிப்பேட்டில் உள்ள எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 மீட்டருக்கு 2 நிமிடம் 45 விநாடி என்றால் நீச்சலுக்கு 1 மணி 45 நிமிடம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சைக்கிளுக்கு 7 மணி 12 நிமிடம். கி.மீ.க்கு 8 நிமிடம் என்ற மெதுவான ஓட்டத்துக்கு 5 மணி 38 நிமிடம். இரண்டு மாற்றங்களுக்கும் சேர்த்து 20 நிமிடம். கூட்டினால் 14 மணி 55 நிமிடம். இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது.

நெருக்கடி சைக்கிளில்தான் வரும். நீச்சலுக்கு முழு 2 மணி 20 நிமிடத்தையும் எடுத்துக்கொண்டு, உடை மாற்ற 10 நிமிடமும் ஆனால், சைக்கிளுக்கு மிஞ்சுவது 8 மணி நேரம். அப்படியென்றால் சராசரி 22.5 கி.மீ. வேகம், பஞ்சருக்கும் கழிப்பறைக்கும் நிற்பது உட்பட. மேடும் எதிர்காற்றும் உள்ள பாதையில் இது லேசான வேலை இல்லை. நீச்சலில் பலவீனமானவர்கள் அங்கே 15 நிமிடம் குறைக்கப் பாடுபடுவது இதற்காகத்தான்.

நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறேன். கடலிலோ ஏரியிலோ இறங்கினால் மூச்சு முட்டுகிறது. ஏன்?

குளிர்ந்த நீர் முகத்திலும் மார்பிலும் பட்டதும் மூச்சு தானாக வேகமெடுக்கும். உடலோடு ஒட்டிய ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட் மார்பை இறுக்கும். சுற்றிலும் கையும் காலும் இடிக்கும். அடியில் தரை தெரியாது. இந்த நான்கும் சேர்ந்து முதல் சில நூறு மீட்டரில் பதற்றத்தைக் கிளப்பும். நீந்தத் தெரியாததால் வருவது அல்ல இது, ஆகவே பழக்கத்தால் தீரும்.

போட்டிக்கு முன் குறைந்தது ஆறு முறையாவது திறந்த நீரில் நீந்துங்கள். தனியாக வேண்டாம், கண்ணில் படும் நிறத்தில் ஒரு மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு, துணையோடு. போட்டி நாளில் அனுமதி இருந்தால் 10 நிமிடம் முன்பே இறங்கி முகத்தை நனைத்து, வெட்சூட்டின் கழுத்தைச் சற்று இழுத்து உள்ளே கொஞ்சம் நீர் விடுங்கள். கூட்டத்தின் ஓரத்தில், பின்பக்கமாக நின்று கிளம்புங்கள். முதல் 200 மீட்டர் வேண்டுமென்றே மெதுவாக. கவனம் மூச்சை இழுப்பதில் வேண்டாம், விடுவதில் வேண்டும். முகம் நீருக்குள் இருக்கும்போதே முழுதாக விட்டுவிட்டால் உள்ளே போகும் மூச்சு தானே வரும்.

பதற்றம் வந்துவிட்டால் மல்லாந்து மிதங்கள். வெட்சூட் உங்களை மூழ்க விடாது. கையை உயர்த்தினால் காவல் படகு வரும். படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுப்பதைப் பெரும்பாலான போட்டிகள் அனுமதிக்கின்றன. அதைப் பிடித்து முன்னே நகரக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் மூச்சுத் திணறலோடு இருமல் வந்து, நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி வந்தால் அது பதற்றம் அல்ல. நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறி. உடனே நீச்சலை நிறுத்தி, உதவி கேட்டு வெளியே வாருங்கள்.

திசை பார்ப்பதும் ஒரு தனித் திறமை. 6 முதல் 8 கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே தெரியும் அளவு தலையை உயர்த்தி, மிதவையைப் பார்த்து, அதே வீச்சில் பக்கவாட்டில் மூச்செடுங்கள். முழுத் தலையைத் தூக்கினால் இடுப்பு கீழே போய் வேகம் செத்துவிடும். மிதவை அலையில் மறையும் என்பதால், அதற்குப் பின்னால் கரையில் உயரமாகத் தெரியும் கட்டடத்தையோ மரத்தையோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீந்துபவரின் காலை ஒட்டி நீந்துவது நீச்சலில் விதிமீறல் இல்லை, சக்தியும் கணிசமாக மிச்சமாகும். அவர் திசை தவறினால் நீங்களும் தவறுவீர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வெட்சூட் கட்டாயமா?

நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. பல நெடுந்தூரப் போட்டிகளில் வயதுப் பிரிவினருக்கு, அதாவது தொழில்முறை வீரர் அல்லாதவர்களுக்கு, 24.5 டிகிரி செல்சியஸ் வரை வெட்சூட் அனுமதி. அதற்குமேல் போட்டால் பரிசுக்குத் தகுதி போகலாம், இன்னும் சூடான நீரில் அறவே தடை. தடிமன் 5 மி.மீ.க்கு மிகக்கூடாது. நீரின் அளவீடு போட்டியன்று காலையில்கூட அறிவிக்கப்படலாம் என்பதால் வெட்சூட் இல்லாமலும் 3.8 கி.மீ. நீந்திப் பழகியிருக்க வேண்டும்.

போடும்போது காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் சுலபமாக நுழையும். நகம் படாமல் விரல் நுனித் தசையால் இழுங்கள். தொடையிடுக்கில் இடைவெளி இல்லாமல் முழுதாக ஏற்றிய பிறகே மேல்பகுதிக்குப் போங்கள். கீழே தளர்ந்திருந்தால் மேலே தோள் இழுபடும், 2 கி.மீ.யில் கை ஓயும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் உரசிப் புண்ணாகும் இடங்கள். அங்கே வெட்சூட்டுக்கு ஏற்ற வழுக்குப் பசை தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வெட்சூட்டின் ரப்பரான நியோப்ரீனைக் காலப்போக்கில் கெடுத்துவிடும். கரையேறியதும் உள்ளே நீர் இருக்கும்போதே இடுப்புவரை உரித்துவிடுங்கள், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

விலையுயர்ந்த ட்ரையத்லான் சைக்கிள் வேண்டுமா?

வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ரோடு சைக்கிளில் கழற்றி மாட்டக்கூடிய ஏரோ பார், அதாவது முழங்கையை ஊன்றி முன்னே தாழ்ந்து ஓட்ட உதவும் கைப்பிடி, பொருத்தினால் முதல் போட்டிக்குத் தாராளமாகப் போதும். பணம் செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் உடலுக்கேற்ப சைக்கிளை அமைத்துத் தரும் நிபுணரிடம் செலவழியுங்கள். ஏரோ நிலையில் 2 மணி நேரம் தொடர்ந்து படுத்திருக்க முடியவில்லை என்றால் கைப்பிடி தாழ்வாக இருக்கிறது. கொஞ்சம் உயர்த்துங்கள். பிடித்துக்கொண்டிருக்க முடியாத தாழ்ந்த நிலை ஒருவருக்கும் வேகம் தராது. சீட்டில் மரத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டாம், சீட்டை மாற்றுங்கள். கடைசி மூன்று வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள்.

டயரில் எவ்வளவு காற்று? பஞ்சரானால் என்ன செய்வது?

70 கிலோ எடையுள்ளவர், 28 மி.மீ. டயர் என்றால் 65 முதல் 75 பிஎஸ்ஐ. கல் போல ஏற்றினால் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் சொரசொரப்பான சாலையில் சக்கரம் துள்ளி வேகத்தைத் தின்னும். டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பில் இல்லாத (ஹுக்லெஸ்) ரிம் வைத்திருப்பவர்களுக்கு 72.5 பிஎஸ்ஐ, அதாவது 5 பார்தான் உச்ச வரம்பு. டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் எண்களில் குறைவானதைப் பின்பற்றுங்கள். முந்தைய நாளே சைக்கிளை நிறுத்தி வைக்கும் இடம் வெயிலில் இருந்தால் காற்றைக் குறைத்துவிட்டுப் போங்கள், சூட்டில் காற்று விரிந்து ட்யூப் வெடிக்கும். காலையில் ஏற்றிக்கொள்ளலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ட்யூப் 2, டயர் லீவர் 2, காற்றேற்ற 16 கிராம் சிஓ2 வாயுக் குப்பி 2, அதற்கான திருகு முனை, பல்கருவி ஒன்று. பஞ்சர் பின்சக்கரத்தில் என்றால் சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிய பிறகு கழற்றுங்கள். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து ட்யூபை உருவுங்கள். அடுத்த வேலையைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்: டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டி முள்ளையோ கண்ணாடித் துண்டையோ கண்டுபிடித்து எடுப்பது. அது உள்ளேயே இருந்தால் புது ட்யூபும் 5 நிமிடத்தில் போய்விடும். புது ட்யூபில் உருண்டை வடிவம் வரும் அளவு மட்டும் காற்றூதி உள்ளே வையுங்கள். டயரை ஏற்றுவதை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி, இரு பக்கமும் டயரை விலக்கி ட்யூப் எங்கும் கடிபடவில்லை என்று பார்த்த பிறகே குப்பியைத் திறங்கள். காற்று போகும்போது குப்பி உறையும் அளவு குளிரும், துணி சுற்றிப் பிடியுங்கள். வீட்டில் நான்கைந்து முறை செய்து பழகினால் 8 நிமிட வேலை இது.

பிரிக் பயிற்சி என்கிறார்களே?

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுவது. நீண்ட சைக்கிள் நாளுக்குப் பிறகு 20 முதல் 30 நிமிடம் போதும், வாரம் ஒருமுறை. முக்கிய நோக்கம் வேகத்தைக் கணிக்கக் கற்பது. சைக்கிளின் வேகத்துக்குப் பழகிய மூளைக்கு ஓட்டம் மிக மெதுவாகத் தோன்றும், நினைத்ததைவிடக் கி.மீ.க்கு 30, 40 விநாடி வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

சைக்கிளில் எவ்வளவு வேகமாகப் போகலாம்?

முழுப் போட்டியும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. மிதிக்கும் சக்தியை வாட்ஸில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால், 20 நிமிடம் முழு முயற்சியோடு ஓட்டிய சராசரி வாட்ஸில் 95 சதவீதத்தை உங்கள் ஒரு மணி நேர வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கு 7 மணி நேரம் வாக்கில் எடுக்கிறவர்கள் அந்த வரம்பில் 65 முதல் 70 சதவீதத்தில் ஓட்ட வேண்டும். வரம்பு 200 வாட்ஸ் என்றால் 130 முதல் 140. மேட்டில் ஏறும்போதும் 170ஐத் தாண்ட வேண்டாம், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் உங்களைக் கடந்து போனாலும்.

பவர் மீட்டர் இல்லாதவர்கள் மூச்சை அளவுகோலாக வையுங்கள். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முதல் அரை மணி நேரம் நீச்சலின் விளைவால் இதயத் துடிப்பு கூடுதலாகவே இருக்கும், அது இறங்கும்வரை லேசாகச் சுற்றுங்கள். எதிர்காற்றில் வேகமானியைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

140 வாட்ஸில் ஓட்ட வேண்டியவர் 160இல் ஓட்டினால் என்ன ஆகும்? காற்றின் எதிர்ப்பு வேகத்தைவிடப் பலமடங்கு கூடுவதால், சமதளத்தில் 7 மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் லாபம் சுமார் 18 நிமிடம்தான். அதற்கு விலையாக மாரத்தானின் பின்பாதி 20 கி.மீ.யை ஓட முடியாமல் நடந்தால், கி.மீ.க்கு 8 நிமிடம் என்பது 11 நிமிடமாகி, ஒரு மணி நேரம் போய்விடும். முதல் 60 கி.மீ. முழுக்க "இது ரொம்ப லேசாக இருக்கிறதே" என்ற எண்ணம் வர வேண்டும். வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?

சைக்கிளில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, ஓட்டத்தில் 40 முதல் 60 கிராம். தசையிலும் ஈரலிலும் சேமித்திருப்பது சுமார் 2,000 கிலோகலோரி. அன்றைய செலவு பலருக்கு 8,000ஐத் தாண்டும். முழுவதையும் ஈடுகட்ட முடியாது, மீதியைக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் மாவுச்சத்து அறவே தீர்ந்தால் கால் நின்றுவிடும்.

60 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. குளுக்கோஸைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற்றும் வழி மணிக்கு ஏறக்குறைய 60 கிராமில் நிரம்பிவிடும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வழி. இரண்டையும் கலந்தால் 90 வரை போகலாம். வீட்டிலேயே கலக்க விரும்பினால்: சாதாரணச் சர்க்கரை 40 கிராம், மால்டோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸாக உடையும் மாவுச்சத்துப் பொடி) 20 கிராம், உப்பு ஒன்றரை கிராம், தண்ணீர் 750 மி.லி. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்பதால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் 2க்கு 1 என்று வரும். உப்பிலிருந்து சுமார் 590 மி.கி. சோடியம் கிடைக்கும். கரைசல் 8 சதவீதம், வயிறு தாங்கும் அளவு.

7 மணி நேரம், மணிக்கு 70 கிராம் என்றால் மொத்தம் 490 கிராம். இத்தனையையும் நீர்த்த கரைசலாகச் சுமக்க முடியாது. அதனால் ஒரு பாட்டிலில் மூன்று மணி நேரத்துக்கானதைக் கெட்டியாகக் கலந்து, பாட்டிலின் மேல் மணிக்கணக்குக் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் வெறும் தண்ணீர் குடிப்பார்கள். கடிகாரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு மணி ஒலிக்க வைத்து, ஒவ்வொரு ஒலிக்கும் 15 முதல் 18 கிராம். மென்று சாப்பிடுவதை முதல் மூன்று மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜெல்லும் (சிறு உறையில் வரும் கெட்டியான மாவுச்சத்துக் கூழ்) திரவமும்தான் இறங்கும். பசி வரும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர், உப்புக் கணக்கு?

வியர்வையை அளந்து பாருங்கள். போட்டி நாளைப் போன்ற வெயிலில், உடையில்லாமல் எடை பார்த்து, ஒரு மணி நேரம் ஓட்டி, துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 70.0 கிலோ 69.3 ஆகி, நடுவில் 500 மி.லி. குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். இதில் மூன்றில் இரண்டு பங்கை ஈடுகட்டினால் போதும். உடல் எடையில் 2, 3 சதவீதம் குறைவது இயல்பு.

அளவுக்கு மீறிக் குடிப்பது குறைவாகக் குடிப்பதைவிட ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, வயிற்றில் தண்ணீர் குலுங்குவது, தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் அறிகுறிகள். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்க முடியாது. மிகையான தண்ணீரை உப்பு ஈடுகட்டாது.

பயிற்சியில் ஒத்துக்கொண்ட ஜெல் போட்டியில் குமட்டுகிறதே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். வேகம் கூடி, இரத்தம் குடலை விட்டுத் தசைக்குப் போயிருக்கும். அல்லது ஜெல்லைத் தண்ணீருக்குப் பதிலாக இனிப்பு பானத்தோடு விழுங்கியிருப்பீர்கள். கரைசல் கெட்டியாகி வயிற்றிலேயே தங்கும். அல்லது உடல் சூடேறியிருக்கும். மூன்றுக்கும் முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. 15, 20 நிமிடம் வெறும் தண்ணீரைச் சிறு மடக்காகக் குடியுங்கள், தலையிலும் கழுத்திலும் நீர் ஊற்றுங்கள், பிறகு பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள். அந்த நேரத்தில் ஜெல்லை வெறுக்கும் பலருக்குக் கோலா இறங்கும்.

குடலையும் பழக்க வேண்டும். கடைசி எட்டு வாரத்தின் எல்லா நீண்ட சைக்கிள் நாட்களிலும், போட்டியில் சாப்பிடப்போகும் அதே பொருள், அதே அளவு. வழியில் தண்ணீரும் உணவும் தரும் எய்ட் ஸ்டேஷனில் எந்த பானம் தருவார்கள் என்று விசாரித்து அதையும் குடித்துப் பாருங்கள்.

கடைசி இரண்டு வாரம் என்ன செய்வது?

நேரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன் வழக்கத்தில் 60 சதவீதம், கடைசி வாரம் 30, 40 சதவீதம். ஒவ்வொரு பயிற்சியிலும் சில நிமிடம் போட்டி வேகம். இந்த நாட்களில் கால் கனமாகத் தோன்றும், இல்லாத வலியெல்லாம் வரும். விட்டுப்போன பயிற்சியை இப்போது ஈடுகட்ட முயல வேண்டாம்.

கடைசி இரண்டு நாள் கிலோ எடைக்குச் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 700 கிராம் என்பது நிறைய. சோறு, வெள்ளை ரொட்டி, பழச்சாறு என்று நார் குறைந்தவையாகப் பார்த்து, கொழுப்பையும் காய்கறியையும் குறைத்தால்தான் முடியும். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது மாவுச்சத்தோடு சேர்ந்து தேங்கும் நீர்தான். போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் வராது என்று வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரவில் நன்றாகத் தூங்கிவிடுங்கள். காலை உணவு தொடக்கத்துக்கு 3 மணி நேரம் முன், கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து.

ட்ரான்சிஷன் (ஒரு போட்டியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம்) பைகளில் என்ன வைப்பது?

சைக்கிள் பையில்: ஹெல்மெட், கண்ணாடி, ஷூ, சாக்ஸ், நம்பர் பெல்ட், சன்ஸ்கிரீன், சிறு துண்டு. ஓட்டப் பையில்: ஓட்ட ஷூ, உலர்ந்த சாக்ஸ், தொப்பி, உரசல் பசை, இரண்டு ஜெல், இருட்டிய பிறகு ஓட வேண்டியிருந்தால் தலைவிளக்கு. ஒவ்வொன்றையும் பயன்படுத்தும் வரிசைக்கு எதிர் வரிசையில் உள்ளே போடுங்கள். பையின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட வேண்டாம், குளிரில் விறைத்த விரலால் அவிழாது. முந்தைய நாள் மாலை, நீரிலிருந்து வெளியேறும் இடத்திலிருந்து பை, சைக்கிள், வெளிவாசல் வரை நடந்து, உங்கள் வரிசையை எண்ணி வையுங்கள். மறுநாள் ஆயிரம் சைக்கிளுக்கு நடுவில் எல்லாம் ஒன்று போலத் தெரியும். சைக்கிளை லேசான கியரில் விட்டுவிட்டு வாருங்கள்.

எந்த விதிகளில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்?

முதலிடம் ட்ராஃப்டிங், அதாவது முன்னால் போகும் சைக்கிளை ஒட்டி அதன் காற்று மறைவில் ஓட்டுவது. முன்னால் போகும் சைக்கிளின் முன்சக்கரத்திலிருந்து உங்கள் முன்சக்கரம் வரை பரவலாக 12 மீட்டர் இடைவெளி கேட்கப்படும். அதற்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் கடந்தாக வேண்டும். யாராவது உங்களைக் கடந்தால் பின்வாங்க வேண்டியது நீங்கள். 5 நிமிடத் தண்டனை பரவலாக உண்டு. தண்டனைக் கூடாரத்தில் நிற்காமல் போனால் தகுதி நீக்கம்.

அடுத்தது ஹெல்மெட். சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்கும் முன்பே பட்டி மாட்டியிருக்க வேண்டும்; திரும்பி வந்து சைக்கிளைத் தொங்கவிட்ட பிறகே கழற்றலாம். காதில் பாட்டுக் கருவி கூடாது. காலிப் பாட்டிலையும் ஜெல் உறையையும் எய்ட் ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே எறியக்கூடாது. உறவினர் பக்கத்தில் ஓடிவந்து தண்ணீர் தருவதும் வெளியுதவிதான்.

மாரத்தானை எப்படி ஓடுவது?

முதல் 5 கி.மீ. திட்டமிட்ட வேகத்தைவிடக் கி.மீ.க்கு 15 விநாடி மெதுவாக. ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனிலும் நடங்கள். 30, 40 விநாடி நடந்து ஒழுங்காகக் குடிப்பது, ஓடிக்கொண்டே பாதியைச் சட்டையில் கொட்டிக்கொள்வதைவிட லாபம். 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே பிரித்துக்கொள்வதும் நல்ல முறை, ஆனால் கால் ஓய்ந்த பிறகு தொடங்கினால் அது வேலை செய்யாது. வெயில் என்றால் தொப்பிக்குள்ளும் மார்பிலும் ஐஸ் போடுங்கள், ஷூவுக்குள் நீர் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்த சாக்ஸ்தான் கொப்புளத்துக்குத் தாய். வெயிலுக்குப் பழகாதவர்கள் 10 முதல் 14 நாள் சூட்டில் பயிற்சி செய்து உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரை போடலாமா? எப்போது நிறுத்த வேண்டும்?

இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். நீரிழந்த உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், சோடியம் குறையும் ஆபத்தையும் கூட்டும்.

கால் வலி, கொப்புளம், சலிப்பு, அழுகை எதுவும் நிறுத்தக் காரணம் இல்லை. மார்பு வலி, நேராக நடக்க முடியாத தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, வெயிலிலும் உடல் சிலிர்ப்பது, அடுத்தடுத்த வாந்தியில் தண்ணீர்கூடத் தங்காதது, கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நின்று மருத்துவ உதவி கேளுங்கள். சக போட்டியாளர் சுயநினைவு தவறிப் பேசினால் அவர் மறுத்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள். வெப்பத் தாக்கில் உடலின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். குளிர்ந்த நீரில் உடனே அமிழ்த்துவதுதான் உயிர் காக்கும். பதிவு செய்யும் முன்பே, குறிப்பாக 35 வயதைத் தாண்டியவர்களும் குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

முடித்த பிறகு?

உடனே படுக்காமல் 10 நிமிடம் நடங்கள். உலர்ந்த உடை, உப்பும் புரதமும் உள்ள உணவு, தாகத்துக்கு மட்டும் தண்ணீர். அன்றிரவு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகும்படி ஏற்பாடு வேண்டாம். முதல் வாரம் நடையும் லேசான நீச்சலும், இரண்டாவது வாரம் சைக்கிள், ஓட்டம் மூன்றாவது வாரத்தில். மூன்றாம் நாளே உடம்பு சரியாகிவிட்டதாகத் தோன்றும். தசைக்கும் தசைநாருக்கும் இன்னும் சில வாரம் வேண்டும். அடுத்த போட்டிக்கு அந்த வாரத்திலேயே பதிவு செய்யாதீர்கள். சைக்கிளை மட்டும் மறுநாளே கழுவிவிடுங்கள்: ஏரோ பாருக்கு அடியிலும் கைப்பிடித் துணிக்குள்ளும் வியர்வையும் சர்க்கரைக் கரைசலும் வடிந்து திருகாணிகளை அரிக்கும். துணியைப் பிரித்து, திருகாணிகளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.